ஷாக்கை விடுங்கள், காற்றைப் பாருங்கள்!

தாம்பரம் – வேளச்சேரி சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டிச் செம்பாக்கத்துக்குள் நுழைந்து, ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தைப் பாருங்கள். தூண் ஓரமாக ஒரு மவுண்டன் பைக் சாய்ந்திருக்கும். தடித்த டயர், முன்னால் ஷாக், 21 கியர், டிஸ்க் பிரேக் எல்லாம் இருக்கும்; டயரில் காற்று மட்டும் இருக்காது. செயின் துருவேறிப் பழுப்பாகியிருக்கும். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த மகனுக்காக வாங்கியதாக இருக்கலாம். சர்க்கரை அளவு ஏறியதும் டாக்டர் சொன்ன உடற்பயிற்சிக்காக வாங்கியதாகவும் இருக்கலாம். ஏன் ஓட்டுவதை விட்டீர்கள் என்று கேட்டால், இடுப்பு வலிக்கிறது என்பார்கள். சீட்டில் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை என்பார்கள். கியர் ஒழுங்காக விழுவதில்லை என்பார்கள்.

இவற்றில் எதற்கும் வேறு சைக்கிள் வாங்கத் தேவையில்லை. அழுத்தம் காட்டும் மீட்டர் வைத்த ஒரு கைப்பம்ப், ஒரு செட் ஆலன் கீ, ஒரு பாட்டில் செயின் ஆயில், வாரத்தில் கால் மணி நேரம் போதும். கடையில் பணம் கொடுத்து வாங்கும் சுகத்தைவிட, வீட்டில் சரிசெய்து கொள்ளும் சுகம் பெரிது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மலையே இல்லாத ஊரில் மலை சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தென்சென்னைப் புறநகருக்கு இதைவிடப் பொருத்தமான சைக்கிள் இல்லை என்பேன். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த செம்பாக்கத்தின் உள்தெருக்களில், குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டி மூடிய தடம் ஒன்று கட்டாயம் இருக்கும். வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை, சாலை மட்டத்துக்கு மேலே துருத்தி நிற்கும் மேன்ஹோல் மூடி, தார் முடியும் இடத்தில் நான்கு அங்குலப் பள்ளம். இவற்றோடு ஜல்லி. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் உடைத்த கருங்கல் ஜல்லி பல தலைமுறைகளாக இந்தப் பக்கத்துச் சாலைகளிலும் வீடுகளிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கல்லுக்குத்தான் 1890களில் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் ‘சார்னோக்கைட்’ என்று பெயர் வைத்தார். டிப்பர் லாரிகள் சிந்திவிட்டுப் போகும் ஜல்லி, திருப்பங்களில் தார்மேல் பரவிக் கிடக்கிறது. ஒல்லி டயர் ரோடு பைக் அதில் வழுக்கும். இரண்டு அங்குல டயர் தாண்டிப் போய்விடும்.

இந்த சைக்கிள் பிறந்த கதையிலேயே நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமல்பாய்ஸ் மலையடிவாரத்து இளைஞர்கள் 1930, 40களின் பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மண் பாதையில் மலை உச்சியிலிருந்து கீழே விட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே முதல் பந்தயம் நடந்தது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். பின் சக்கர ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து எரிந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே தனி ஃப்ரேம் கட்டினார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர், தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான முதல் மவுண்டன் பைக்காக வந்தது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முன் ஷாக் வந்தது 1980களின் இறுதியில்தான். அதுவரை, பத்தாண்டுக்கும் மேலாக, மலையிலிருந்து தலைதெறிக்க இறங்கியவர்கள் ஷாக் இல்லாத சைக்கிளில்தான் இறங்கினார்கள். அவர்களைத் தாங்கியது தடித்த டயரும் அதற்குள் இருந்த காற்றும்.

இங்கே 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு போனது. அந்தக் கறுப்பு ஹெர்குலிஸுக்கு முன் சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பாரம் சுமக்கும் பின் சக்கரத்தில் 40. சீட்டுக்கடியில் சுருள் ஸ்பிரிங். தொண்ணூறுகளில் மவுண்டன் பைக்கின் சுருக்கமான எம்.டி.பி. என்ற மூன்றெழுத்து பள்ளிப் பிள்ளைகளின் கனவானது. பட்டன் டயரும் நேர் ஹேண்டில்பாரும் வந்தன. பிறகு கியர் வந்தது, பிறகு ஷாக் வந்தது. வண்டியோடு வர வேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை: இதை எப்படி உடம்புக்குப் பொருத்துவது, எப்படிப் பராமரிப்பது என்ற அறிவு. பழைய ஹெர்குலிஸ் கவனிப்பில்லாமலும் பத்து வருடம் உழைக்கும். கியர் சைக்கிள் உழைக்காது.

டயருக்குள் இருக்கும் மெத்தை

பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் குழாயைச் செருகி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கல் மாதிரி ஆனதும் எடுத்துவிடுவது வழக்கம். ஓட்டுபவருக்கும் டயர் கல்லாக இருந்தால்தான் திருப்தி. இடுப்பு வலி அங்கேதான் தொடங்குகிறது. டயரின் பக்கவாட்டில் 35–65 பி.எஸ்.ஐ. என்பது போல ஓர் அளவு அச்சிட்டிருக்கும். மேல் எண் அந்த டயர் தாங்கும் எல்லை. நாம் அடிக்க வேண்டிய அளவு அதுவல்ல. 65 கிலோ எடையுள்ளவர் 2.1 அங்குல டயரில் நம் தெருக்களில் ஓட்ட 35 முதல் 40 வரை போதும். அச்சிட்ட குறைந்தபட்ச அளவையொட்டித் தொடங்கி, எடை கூடியவர் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். உடம்பின் பாரம் பின்னால்தான் அதிகம் இறங்குவதால் முன் சக்கரத்தில் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. குறைவாக வைப்பது நல்லது.

அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறக்கிவிட்டு அதே தெருவில் ஒருமுறை போய் வாருங்கள். பல ஆயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் ஷாக் தராத மாற்றம் அதில் தெரியும். டயர் சிறு கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருளும். திருப்பத்தில் தரையை இன்னும் அகலமாகப் பிடிக்கும். ரொம்பவும் குறைத்துவிட்டால் பள்ளத்தின் விளிம்பில் ரிம் போய் இடிக்கும். டியூபில் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழுந்திருந்தால் அது ரிம் கடித்த பஞ்சர். அப்போது ஐந்து பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். பெரும்பாலான எம்.டி.பி.களில் மோட்டார் பைக், காரில் உள்ளதைப் போன்ற வால்வுதான், பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். ஆனால் டியூப் சிறியது, சட்டென்று நிரம்பிவிடும். வீட்டில் மீட்டர் பம்ப் இருப்பதே நல்லது. டியூபிலிருந்து காற்று மெல்லக் கசிவது இயல்பு என்பதால் பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

ஏரிக்கரைப் பக்கம் போகிறவர்களுக்குச் சீமைக் கருவேல முள் பெரிய எதிரி. டியூபை ஒட்டினால் மட்டும் போதாது. டயரின் உட்புறம் முழுக்கக் கொஞ்சம் பஞ்சை வைத்துத் தடவுங்கள்; முள் நுனி இருந்தால் பஞ்சு மாட்டும். அதை எடுக்காமல் மாட்டிய புது டியூப் மறுநாளே இறங்கும். தார்ச்சாலையில்தான் பெரும்பாலும் ஓட்டம் என்றால், அடுத்த முறை டயர் மாற்றும்போது நடுவில் வழவழப்பும் ஓரத்தில் மட்டும் பட்டனும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இரைச்சல் அடங்கும், மிதிப்பதும் லேசாகும்.

ஷாக்கைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் சைக்கிளில் வரும் முன் ஷாக், ஒரு சுருள் ஸ்பிரிங்கும் இரண்டு கிலோவுக்கு மேல் எடையும்தான். நல்ல ஷாக்கில் அழுந்தும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் கட்டுப்படுத்த உள்ளே எண்ணெயும் வால்வும் இருக்கும். விலை குறைந்ததில் அது இல்லை. அழுந்தியது அதே வேகத்தில் உதைத்துத் திரும்பும். கடல் காற்றும் வியர்வையும் பட்டு இரும்புக் கால்கள் துருவேறினால் அழுந்துவதும் நின்றுபோகும். உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்காது. பின்னாலும் ஷாக் வைத்த ‘டபுள் சஸ்பென்ஷன்’ மலிவு விலையில் வந்தால் தொடவே வேண்டாம். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் தின்றுவிடும். அதே விலையில் ஷாக் இல்லாத ஃபோர்க், நல்ல டயர், தரமான கியர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஏற்கெனவே ஷாக் உள்ள வண்டி என்றால், லாக் திருகு இருந்தால் தார்ச்சாலையில் பூட்டி ஓட்டுங்கள்.

சீட்டும் கையும்

உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும் என்று நினைத்துத்தான் நம்மில் பலர் சீட்டை இறக்கி வைக்கிறோம். அப்படி ஓட்டும்போது ஒவ்வொரு மிதிப்பிலும் முட்டி அளவுக்கு மீறி மடங்கும், ஒரு மாதத்தில் முட்டி வலி வரும். சுவரைப் பிடித்தபடி சீட்டில் அமர்ந்து, பெடலைக் கீழே கொண்டு போய், குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட்டை இறுக்கிவிட்டு, ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டியில் சிறு மடிப்பு தானாக அமையும். சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்று பழக வேண்டும். இரண்டு நாளில் பழகிவிடும். சீட் கம்பியில் ‘குறைந்தபட்சம் இதுவரை உள்ளே இருக்க வேண்டும்’ என்ற கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தால் ஃப்ரேமே உங்களுக்குச் சிறியது. கடையில் வாங்கும்போதே ஃப்ரேமின் குறுக்குத் தண்டின் மேல் காலை அகட்டி நின்று பாருங்கள், உடம்புக்கும் தண்டுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

சீட் வலித்தால் எல்லோரும் முதலில் வாங்குவது ஜெல் உறை. சின்னத் தூரத்துக்கு அது பரவாயில்லை. பத்து கிலோமீட்டர் தாண்டினால் அந்த மெத்தை புதைந்து, எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைத் தொடை நடுவிலுள்ள நரம்புகள் மேல் போட்டுவிடும்; மரத்துப்போவது அதனால்தான். நம் பாரத்தைத் தாங்க இடுப்பின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் உண்டு. அவற்றின் அகலத்துக்கு ஏற்ற சீட்தான் வசதி. அட்டைப் பெட்டியின் ஒரு துண்டைப் படிக்கட்டில் போட்டு அதன் மேல் முன்னால் சாய்ந்து சிறிது நேரம் உட்காருங்கள். விழுந்திருக்கும் இரண்டு குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்தால் உங்கள் அகலம் தெரிந்துவிடும். பெண்களுக்குச் சராசரியாக இது அதிகம் என்பதால், ஆண்களை மனதில் வைத்துச் செய்த ஒல்லி சீட்டோடு வரும் வண்டியை அப்படியே ஓட்டித் துன்பப்பட வேண்டியதில்லை, கடையில் மாற்றித் தரக் கேளுங்கள். சீட் கிட்டத்தட்ட சமதளமாக இருக்கட்டும். ஜீன்ஸின் தடித்த தையல் இல்லாத உடை நல்லது. பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கினால் அதனுள்ளே ஜட்டி அணியக் கூடாது. உரசிப் புண்ணாவது அதனால்தான்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகிறதா? உள்ளங்கையின் ஓரம் வழியாகச் செல்லும் நரம்பு அழுந்துகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் கைக்கு வந்துவிடும். முதலில் அதைச் சரிபாருங்கள். அடுத்தது பிரேக் லீவர். அது படுக்கைவசமாக இருந்தால் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக வரும்படி லீவரைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். ஓர் ஆலன் கீ, ஐந்து நிமிட வேலை.

இருபத்தொன்றில் எது?

சாதாரண 21 கியர் வண்டியில் முன்னால் 42, 34, 24 பற்கள் கொண்ட மூன்று தட்டுகளும், பின்னால் 14 முதல் 28 பற்கள் வரையுள்ள ஏழு தட்டுகளும் இருக்கும். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் 42-14-ல் வண்டி ஆறு மீட்டருக்கு மேல் போகும். 24-28-ல் இரண்டு மீட்டர்கூடப் போகாது. நம்மூர்ப் பையன்கள் ஏறியதும் 42-14-க்குப் போட்டுவிடுகிறார்கள். அதுதான் ஸ்பீடு என்ற எண்ணம். நிமிடத்துக்கு நாற்பது சுற்று, திணறித் திணறி மிதிப்பார்கள். முட்டி பழுதாவது இப்படித்தான். செம்பாக்கம், மேடவாக்கம், அகரம்தென் போன்ற சமவெளியில் முன்னால் நடுத்தட்டை விட்டு நகர வேண்டிய தேவை அரிது. நடுத்தட்டில் வைத்து, நிமிடத்துக்கு எழுபது, எண்பது சுற்று லேசாக மிதியுங்கள். மணிக்கு 17 கிலோமீட்டர் வேகம் மூச்சு வாங்காமல் வரும். பெரிய தட்டுக்குப் பெரிய தட்டு, சின்னதுக்குச் சின்னது என்று குறுக்காகப் போட்டால் செயின் கோணலாக ஓடித் தேயும். மேம்பாலம் ஏறுமுன் கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்தபடி மாற்றினால் பற்கள்தான் கதறும்.

கியர் விழாததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். புது வண்டியின் கேபிள் முதல் மாதத்தில் சற்றுத் தளரும். பின் கியர் மாற்றியில், சைக்கிள்காரர்கள் ஆர்.டி. என்று சொல்லும் பாகத்தில், கேபிள் நுழையும் இடத்தில் உள்ள சிறு திருகை இடப்புறமாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பினாலே பெரிய தட்டுக்கு ஏற மறுக்கும் செயின் ஏறிவிடும். மற்றது வளைந்த ஹேங்கர். ஆர்.டி. தொங்கும் அந்தச் சிறு தகடு, ஃப்ரேம் உடையாமல் தான் வளையட்டும் என்று பல வண்டிகளில் மென்மையாகவே செய்யப்படுகிறது. நெருக்கமான பார்க்கிங்கில் பக்கத்து ஸ்கூட்டர் இடித்து வண்டி வலப்பக்கமாக விழுந்தால் முதலில் வளைவது அதுதான். கியர் பக்கம் சுவரை நோக்கியிருக்கும்படி நிறுத்துங்கள்.

இனி செயின். துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணியின் உருளை மேலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சற்றுப் பொறுத்து, வெளியே உள்ள எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளே. வெளியே நிற்பது மணலை ஒட்டவைத்து அரைக்க மட்டுமே உதவும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துக் கெட்டியாகும். பழைய இன்ஜின் ஆயிலில் உலோகத் துகள் மிதக்கும். துரு நீக்கும் ஸ்பிரே உள்ளே இருக்கும் எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். செயின் தேய்ந்துவிட்டதா என்று அறியப் பிள்ளையின் ஸ்கேலே போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணிகள் எண்ணினால் புதுச் செயின் சரியாக 12 அங்குலம் இருக்கும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பின் தட்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், செலவு பல மடங்கு. எண்ணெய் விடும்போது டிஸ்க்கின் மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது. பட்டால் பிரேக் அலறும், பிடிக்காது. விரல்கூட அதில் படாதிருப்பது நல்லது.

மழைக்கு முன்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியதை இந்தப் பகுதி மறக்காது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஐப்பசி, கார்த்திகையில் சக்கரத்தின் நடு அச்சுவரை தண்ணீர் நிற்கும் தெருக்கள் இங்கே உண்டு. அந்தத் தண்ணீரில் ஓட்டிய அல்லது நின்ற சைக்கிளை வெளியே துடைத்துவிட்டால் போதாது. ஹப்புக்குள் போன நீரும் வண்டலும் கிரீஸை வெளியேற்றி, பேரிங் பால்ஸையும் அவை உருளும் கோனையும் சில வாரங்களில் அரித்துவிடும். சீட் கம்பியை உருவி எடுத்து, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஃப்ரேமுக்குள் உள்ள நீரை வடியுங்கள். பிறகு ஹப், பெடல் கிராங்க் நடு அச்சு, ஹேண்டில் கழுத்து மூன்றையும் பிரித்துப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு நம் பழைய சைக்கிள் கடைக்காரரைவிடத் தேர்ந்தவர் இல்லை. ‘ஓவராயில் பண்ணணும் அண்ணே’ என்றால் அவருக்குப் போதும். கருவி எதுவும் வைக்காமல் கண்ணாலேயே பார்த்து, போக்ஸ் கம்பியை இறுக்கியும் தளர்த்தியும் சக்கரத்தின் கோட்டத்தை எடுக்கும் கை அவருடையது. கியர் டியூனிங்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் அவருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். அவற்றுக்கு மட்டும் கியர் சைக்கிள் கடைக்குப் போங்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் சிலவற்றுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் கெட்டு பிரேக்கே போய்விடும். எது என்று லீவரிலேயே எழுதியிருக்கும்.

வண்டி தயாரானதும் மண் பாதையில் ஓட்ட ஆசை வரும். நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கைவிட்ட கல்குவாரிகளின் விளிம்பில் சைக்கிள் விடுவது உயிரோடு விளையாடுவது. அங்கே நீர் தேங்கிய குட்டைகள் எத்தனையோ பிள்ளைகளைக் காவு வாங்கியிருக்கின்றன. மாடம்பாக்கத்திலிருந்து அகரம்தென் பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். தலையில் ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. நாயைக் கண்டால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது நல்லது. ஆறு மாதம் பழகியபின் எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையை நினைக்கலாம். ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் வண்டி சரியாக இருக்க வேண்டும். பிரேக் பேட் புதிதாக, கேபிள் இறுக்கமாக இருக்கட்டும்; லீவரை ஒரேயடியாகப் பிடித்தபடி இறங்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

தூண் ஓரத்தில் நிற்கும் அந்த சைக்கிளை மீட்க நினைப்பவர்கள் ஒரு வரிசைப்படி போனால் வீண் செலவு இருக்காது. முதலில் ஃப்ரேமின் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாகக் கழுத்துக்குக் கீழே. இருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம். இல்லையென்றால் இரண்டு டியூப், ஒரு செயின், பிரேக் மற்றும் கியர் கேபிள்கள், பிரேக் பேட், இவற்றை மாற்றி ஓவராயில் செய்தால் பெரும்பாலான வண்டிகள் எழுந்துவிடும். டயரின் பக்கவாட்டு ரப்பர் வெடித்திருந்தால் மட்டும் டயர். ஷாக் துருவேறி இறுகிப் போயிருந்தால், அளவு பொருந்தும் சாதா ஃபோர்க் ஒன்றைக் கேட்டு மாட்டுங்கள், வண்டியும் லேசாகும். புரட்டாசிக்குள் கடைக்குக் கொண்டு போய்விடுங்கள். மழை தொடங்கிவிட்டால் இருசக்கர வாகனங்கள் வரிசை கட்டிவிடும், கடைக்காரருக்கு ஹப்பைப் பிரித்து உட்கார நேரமிருக்காது.